மலையின் ரத்தம்

சந்தையில் அவரை எல்லோரும் மலை என்றுதான் கூப்பிடுவார்கள். கடை வாசலில் அவர் நின்றால் உள்ளே தொங்கும் கறி வெளியே தெரியாது. அப்படி ஓர் உடம்பு. தங்கைக்கு அவர் வைத்த பெயர் ஊசி. ஒல்லியாக இருந்தாள் என்று சின்ன வயதில் வைத்தது. அவள் படித்து, ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, நாள் முழுக்க ஊசியும் கையுமாக ஆனபிறகு அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

மலைக்கு வயிற்றின் மேல்பக்கம் ஒரு வலி வந்துவந்து போய்க்கொண்டிருந்தது. வாயு என்று சொல்லி வெந்நீர் குடித்தே சமாளித்தார். ஒருநாள் காலையில் வலி முதுகு வரைக்கும் பாய்ந்து, மனிதர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் மனைவி, ஊசியின் அண்ணி, அதற்குமேல் பேச்சே கேட்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்துவிட்டாள்.

ரத்தம் எடுத்தது ஊசிதான். நாள்தோறும் எலும்பை வெட்டுகிறவர், சட்டைக் கையைச் சுருட்டியதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொல்லிட்டுக் குத்து."

"குத்தி முடிச்சாச்சுண்ணா. அசையாம இரு."

ரத்தம் குழாயில் இறங்கும்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. சிவப்பில் யாரோ பாலை ஊற்றிக் கலந்ததுபோல நிறம் வெளிறியிருந்தது. குழாயைக் கீழ்த்தளத்துக்கு எடுத்துப்போய்ச் சுழற்றும் மெஷினில் வைத்தாள்.

அந்த மெஷின் சுற்றிச் சுற்றி ரத்தத்தை இரண்டாகப் பிரித்துவிடும். சிவப்பெல்லாம் அடியில் போய் உட்காரும். மேலே தண்ணீர்போல ஒன்று நிற்கும், காய்ந்த வைக்கோலின் இளமஞ்சள் நிறத்தில். ஏழை, பணக்காரர், கறுப்பு, சிவப்பு, யாருடைய ரத்தமும் அப்படித்தான் பிரியும். மெஷின் நின்றதும் மூடியைத் திறந்து குழாயை வெளியே எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேலே இருந்தது மஞ்சள் இல்லை. வெள்ளை. சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்புபோல, வெளிச்சம் கொஞ்சமும் ஊடுருவாத வெள்ளை.

பக்கத்து மேசையில் இருந்த சக ஊழியர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பால்காரர் வீட்டு சாம்பிளா?" என்று கேட்டவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எங்க அண்ணனோடது சார்."

இத்தனை வருட வேலையில் லேசாகக் கலங்கிய ரத்தம் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இதைப்போல ஒன்றைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். பரிசோதனை மெஷின்கூட இதை அளக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பலமுறை நீர்க்கவைத்துக் கொடுத்த பிறகுதான் எண்ணைச் சொன்னது. அவளுக்குப் பயத்தைவிட வியப்புதான் முதலில் வந்தது. இந்தக் கெட்டிப் பாலைத் தள்ளிக்கொண்டா ஒரு இதயம் இத்தனை காலம் முணுமுணுக்காமல் அடித்துக்கொண்டிருந்தது!

டாக்டரம்மா அவரை வார்டில் சேர்த்தார். கணையம் வீங்கியிருக்கிறது, அதற்குக் காரணம் ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு என்றார். வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், கையில் குளுக்கோஸ் இல்லாத உப்புநீர் ஏறியது.

"உங்க அப்பா எப்படி இறந்தாரு?" என்று கேட்டார்.

"ஒரு விருந்துக்குப் போய்ட்டு வந்து வயித்துவலின்னு படுத்தாரு. எந்திரிக்கல" என்றார் மலை.

டாக்டரம்மா அதைக் கேஸ் தாளில் எழுதிக்கொண்டார். பிறகு, "அது இதுவா இருந்திருக்கலாம். இப்ப யாரும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இது சில குடும்பங்கள்ல வழிவழியா வரும்" என்றார்.

முதல் நாள் எடுத்த குழாயை ஊசி குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். மறுநாள் காலை அதைக் கையில் மறைத்து வார்டுக்கு எடுத்துப்போனாள். ராத்திரி முழுக்க அசையாமல் நின்றதில், வெள்ளைக்கு மேலே பாலாடைபோல இன்னொரு தடித்த ஆடை மிதந்து வந்து படிந்திருந்தது.

"என்னது இது?"

"நேத்து உன் கையிலிருந்து எடுத்ததுண்ணா."

மலை குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்தார். ஆடை மெதுவாக நகர்ந்து கண்ணாடியில் ஒட்டியது. கொழுப்பை அவருக்குத் தெரியாதா என்ன? தினமும் கத்தியில் வழிப்பதும், வாளியில் போடுவதும், கைக்கு எத்தனை சோப்புப் போட்டாலும் போகாததும் அதுதானே.

"இதோடவா நான் நடமாடிட்டு இருந்தேன்?"

"ஆமா."

"இவ்வளவு நாளா?"

"உடம்பு தாங்கிச்சு. இனிமேலும் தாங்கும்னு நினைச்சுக்காதே."

அவர் குழாயைத் திருப்பித் தரவில்லை. கடவுள் படத்தைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்தார். "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க தட்டுல இருக்கு. கறி, வறுவல், இனிப்பு, குடி, எல்லாத்தையும் நிறுத்துங்க. பயறு, கீரை, காய், உமி நீக்காத தானியம். எண்ணெய ஸ்பூன்ல அளந்து ஊத்தச் சொல்லுங்க."

"இதுல பல்லுக்கு என்ன வேலைங்க டாக்டரம்மா?"

"சாப்பிட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

முதல் நாள் தட்டைப் பார்த்ததும் மலைக்கு அழுகையே வரும்போல இருந்தது. வேகவைத்த பயறு, அவித்த பூசணி, ஒரு குவியல் கீரை.

"இதுல உசுரோட இருந்தது எதுடி?"

"எல்லாமேதாங்க. காலையில வரைக்கும் கொடியிலயும் செடியிலயும் இருந்துச்சு. பேசாம சாப்பிடுங்க" என்றாள் அண்ணி.

அவர் சாப்பிட்டார். வயிறு நிறைந்தது, வாய் நிறையவில்லை. சந்தையில் கேலிக்குக் குறைவில்லை. கறிக்கடைக்காரரே சைவமாகிவிட்டார், இனி ஆடெல்லாம் அவரைக் கும்பிடும் என்றார்கள். கடையை மூடினால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் வெட்டுவதை வெட்டினார், விற்பதை விற்றார், தான் தின்பதை மட்டும் மாற்றினார்.

எதிர்வரிசையில் ஒரு கீரைக்காரி உட்கார்ந்திருப்பாள். இருவருக்கும் நடுவே ஒரு சாக்கடையும் அதைப் பற்றிய சண்டையும்தான் இதுவரை உறவு. ஒருநாள் மலை சாக்கடையைத் தாண்டி அவள் முன்னால் போய் நின்றார். அவள் பதறி எழுந்தாள்.

"இன்னைக்கு நான் தண்ணி ஊத்தவே இல்லைண்ணே!"

"அதுக்கு வரல. இதெல்லாம் என்னென்னன்னு சொல்லு."

"எது?"

"எல்லாம்தான். பேரு தெரியாமத்தான் இத்தனை வருசம் எதிர்ல நின்னிருக்கேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பச்சைப் பட்டாணிக் காயைப் பிளந்து நீட்டினாள். உள்ளே வரிசையாக உருண்டைகள், சின்னதிலிருந்து பெரிதாகி மறுபடி சின்னதாகி. பெரிய கட்டைவிரலால் தள்ளி வாயில் போட்டுக்கொண்டார். உப்பும் மசாலாவும் கொழுப்பும் இல்லாமல் சில வாரங்களைக் கழித்த நாக்கு அது. கடித்ததும் உள்ளிருந்து இனிப்பு வெடித்தது.

"சர்க்கரை போட்டிருக்கியா?"

"காய்க்குள்ள யாருண்ணே போய் சர்க்கரை போடுவாங்க?" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவர் நின்ற இடத்திலேயே ஒரு கூடை காலியாகும்வரை உரித்துத் தின்றார். படகுபோல ஒரு வழவழப்பான தோலுக்குள் இவ்வளவு நேர்த்தியாக யார் அடுக்கினார்கள் என்று வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஊசிக்கு ஒரு செய்தி வந்தது. உன் அண்ணன் மத்தியானம் கடைக்குப் பின்னால் எதையோ சுட்டுத் தின்கிறார், புகை வருகிறது என்று யாரோ சொன்னார்கள். கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று வேலை உடுப்போடு சந்தைக்கு வந்தாள். பின்பக்கம் அடுப்புக்கரி கனன்றுகொண்டிருந்தது. இரும்புக் கம்பிகளின்மேல் மூன்று பெரிய கத்தரிக்காய்கள் தோல் கருகிக் கிடந்தன. மலை குத்துக்காலிட்டு அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"வா வா, சரியான நேரத்துக்கு வந்தே. இந்தத் தோலை உரிச்சா உள்ள வெண்ணெய் மாதிரி இருக்கு. சொட்டு எண்ணெய் கிடையாது, சத்தியமா!"

அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தின்றாள். புகையும் இனிப்புமாக அது தொண்டையில் இறங்கியபோது, இத்தனை நாள் ஆஸ்பத்திரி கேன்டீனில் தான் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு நினைவே வரவில்லை.

மூன்றாவது மாதம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மலை இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. குழாயில் இறங்கிய நிறத்தைப் பார்க்கவே அவளுக்குத் துணிவில்லை. மெஷினில் வைத்துவிட்டு, அது சுற்றி நிற்கும்வரை கை கழுவுவதுபோல் தண்ணீர்க் குழாயடியில் நின்றாள்.

மூடியைத் திறந்தது சக ஊழியர்தான். "இங்க வந்து பாருமா" என்றார்.

அடியில் சிவப்பு. மேலே அறுவடைக்கு நிற்கும் கதிரின் நிறத்தில், துளிக் கலக்கமும் இல்லாத ஒரு தெளிவு. அவர் மேசையில் கிடந்த செய்தித்தாளை எடுத்துக் குழாய்க்குப் பின்னால் பிடித்தார். வரிவிளம்பரத்தின் பொடி எழுத்துகள்கூடத் தெரிந்தன. கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து படித்துப் பார்த்தார்கள். வாடகைக்கு வீடு, தையல் மெஷின் விற்பனைக்கு என்று ஒருவர் உரக்கவே வாசித்தார். ஊசியால் ஒரு எழுத்தும் வாசிக்க முடியவில்லை. கண் நிறைந்திருந்தது.

டாக்டரம்மா மாத்திரையைத் தொடரச் சொன்னார், அளவைக் குறைத்தார். "தட்டு வேலை செஞ்சிருக்கு" என்றார் மலையிடம்.

அன்று மாலை மற்றவர்கள் போனபிறகு ஊசி தன் கையிலேயே பட்டையைக் கட்டி, அந்தச் சக ஊழியரிடம் தனக்கு ரத்தம் எடுக்கச் சொன்னாள். வழிவழியாக வரும் என்று டாக்டரம்மா சொன்னது வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. சுழன்று வந்த குழாயில் வெள்ளை இல்லை. ஆனால் தெளிவும் இல்லை. மழைநாளில் பஸ் ஜன்னலில் படியும் ஆவிபோல மெல்லிய மங்கல். ஒல்லியாக இருப்பவளுக்கு ஒன்றும் வராது என்று இத்தனை நாள் நம்பியிருந்தவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"எனக்கும் லேசா இருக்குண்ணா."

மறுமுனையில் கத்தியைக் கல்லில் வைக்கும் சத்தம் கேட்டது.

"பயப்படாதே. நேரா வீட்டுக்கு வா. உங்க அண்ணி அவரைக்காய் ஒரு மூட்டை வாங்கிப் போட்டிருக்கா, நார் உரிக்க ஆள் வேணும்."