இரண்டு பக்கத்துக்கும் சாட்சி

முத்தாயம்மாள் வெள்ளைச் சீலை கட்டியபோது அவளுக்கு வயது பதினெட்டு. கட்டியவன் வாந்திபேதியில் போய்விட, சேந்தமங்கலத்துக்குத் தெற்கே இருந்த தகப்பன் வீட்டுக்கே திரும்பி வந்தாள்.

மறு வருஷம் மருதாசலம் என்பவன் அவளைப் பெண் கேட்டு வந்தான். கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து வந்து அந்த ஊரில் நிலம் குத்தகைக்குப் பிடித்திருந்தவன். அவர்கள் சாதிக்காரன்தான், பெண்சாதியை இழந்தவன். ஒளிவுமறைவு எதுவும் வைத்துக்கொள்ளாமல் பட்டப்பகலில் வந்து, அவள் தகப்பன் அர்த்தநாரிக் கவுண்டரிடம் நேராகவே கேட்டான். கவுண்டர் கோபப்படவில்லை. யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தார். முத்தாயம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

கிழவரை யோசிக்க விடாதவன் அவள் அண்ணன் சின்னுசாமி. அவனும் அவன் வயதுப் பையன்களும் அப்போது ஊரைத் திருத்தக் கிளம்பியிருந்தார்கள். கதர் கட்டினார்கள். கள்ளுக்கடைக்குப் போகிறவர்களை மறித்தார்கள். பெரியவர்கள் காலத்தில் எல்லாம் தளர்ந்துபோய்விட்டது, இனி நெறியாக இருக்க வேண்டும் என்று பேசினார்கள். மருதாசலத்தை ஏரிக்கரையில் மடக்கி அடித்தார்கள். விளைந்து நின்ற கடலைக்காயைக்கூடப் பிடுங்காமல் அவன் ஊரை விட்டுப் போனான். 'நாம என்ன அறுத்துக் கட்டற சாதியா' என்று சின்னுசாமி வாசலில் நின்று கேட்டான். அதோடு கவுண்டர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். முத்தாயம்மாளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷம் சின்னுசாமி தங்கையை ஒரு குறையும் இல்லாமல் வைத்துக்கொண்டான். அதை ஊரே சொன்னது.

சின்னுசாமியின் மகள் சாரதாமணி தாலியறுத்து வந்தபோது அவளுக்கும் ஏறக்குறைய அதே வயது. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சேலத்தில் காலேஜ் படித்த அவள் அண்ணன் செங்கோடன் கருப்புச் சட்டையோடு வந்து நின்றான். நாமக்கல்லில் வாத்தியாராக இருக்கும் தன் சிநேகிதன் அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டதாகச் சொன்னான். ஐயர் கிடையாது, மந்திரம் கிடையாது, கூட்டம் போட்டுக் கல்யாணம் என்றான்.

சின்னுசாமி சாட்டைவாரை எடுத்துக்கொண்டு வந்தான். பையன் நகரவில்லை.

"அடிங்க. வாங்கிக்கறேன். கல்யாணம் நடக்குமுங்க."

ஓங்கிய கை தானாக இறங்கியது. அவன் கட்டுத்தரைக்கு வந்து, சாணி வழித்துக்கொண்டிருந்த தங்கையிடம் நின்றான்.

"நீ சொன்னா அந்தப் புள்ள கேக்கும். இத்தன வருஷமா நீ இருக்கலையா? உன் மேல ஒரு சொல்லு வந்திருக்குமா?"

அன்று மாலையே செங்கோடனும் அவளைத் தேடி வந்தான். அவளைப் பாழாக்கியது போதாதா, சாரதாமணியையும் பாழாக்க வேண்டுமா என்று கேட்டான். அத்தை பட்டதை அத்தையே எடுத்துச் சொன்னால் தன்னைப் பெற்ற அய்யன் வாய் அடைத்துப்போகும் என்றான். பாழ் என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் கிணற்றடியில் துணி அலசும்போது முத்தாயம்மாள் அந்தப் பெண்ணிடமே கேட்டாள்.

"உனக்கு இஷ்டமா சாமி?"

சாரதாமணி பிழிந்த துணியையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். "தெரியலைங்க அத்தை. போனவரு மொகம் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்குது. கொஞ்ச நாள் உட்டாங்கன்னா எனக்கே தெரியும். அண்ணங்கிட்டச் சொன்னேன். பயப்படாதேங்கறான்."

கொஞ்ச நாள் பொறுங்கள் என்று சொல்லலாம். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சின்னுசாமி பிடித்துக்கொண்டு, பெண்ணின் தலை நரைக்கும்வரை விடமாட்டான் என்று முத்தாயம்மாளுக்குத் தெரியும். செய்யுங்கள் என்று சொன்னால், மனசு ஆறாத பெண்ணைத் தானும் சேர்ந்து தள்ளிவிட்டது போலாகும். இரண்டு நாள் யோசித்தும் வாய் திறக்க முடியவில்லை. அவள் பேசாமல் இருந்ததை அண்ணன் தன் பக்கம் என்று எடுத்துக்கொண்டான். செங்கோடனும் தன் பக்கம் என்றே எடுத்துக்கொண்டான்.

சின்னுசாமி கடைசிவரை சம்மதிக்காமலேயே செங்கோடன் நாள் குறித்தான்; கல்யாணம் நாமக்கல்லில் நடந்தது. கல்யாணப் பந்தலுக்குள் முத்தாயம்மாள் கால் வைத்து இருபது வருஷமாயிற்று. வெளியே நின்றுகொள்கிறேன் என்றவளைச் செங்கோடன் கையைப் பிடித்து அழைத்துப் போய் மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். பிறகு ஒலிபெருக்கி முன்னால் நின்று பேசினான். இதோ இருக்கிறாரே, என் அத்தை, இவரைப் பாருங்கள் என்றான். அவள் வயதைச் சொன்னான். ஏரிக்கரையில் நடந்ததைச் சொன்னான். மருதாசலத்தின் பெயரைச் சொன்னான். அந்த வீட்டில் இத்தனை காலம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். கூட்டம் கை தட்டியது. முத்தாயம்மாள் முக்காட்டை இழுத்து, எழுந்து போகலாமா என்று பார்த்தாள். இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மாலை மாற்றும் நேரத்தில் சாரதாமணி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் திரும்பி அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையை ஆட்டினாள். அது போ என்று சொன்னதா, வேண்டாம் என்று சொன்னதா என்று முத்தாயம்மாளுக்கே தெரியவில்லை.

சின்னுசாமி பந்தலுக்கு வரவில்லை. தங்கையைத் திரும்ப அழைத்துப் போகச் சாலையோரப் புளியமரத்தடியில் வண்டியோடு நின்றான். ஒலிபெருக்கி அங்கேயும் கேட்டிருந்தது. அவளை ஏற்றிக்கொண்டு பாதி தூரம் வரை மாட்டை மட்டும் அதட்டிக்கொண்டு வந்தவன், பிறகு கேட்டான்.

"அத்தன சனத்துக்கு முன்னால என்னைக் கேவலப்படுத்திப்போட்டானில்ல?"

"உங்கள ஆரும் பாக்கலீங்கண்ணா. என்னையத்தான் பாத்தாங்க."

அவன் மறுபடி மாட்டை அதட்டினான்.

தைப் பொங்கலுக்குச் சாரதாமணி பச்சைச் சீலை கட்டிக்கொண்டு வந்தாள். பூ வைத்திருந்தாள். வாத்தியார் நல்லவர் என்றாள். அதட்டிப் பேசுவதில்லை, சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார் என்றாள். அவள் வேறு ஏதாவது சொல்வாளா என்று முத்தாயம்மாள் காத்திருந்தாள். சாரதாமணி முறத்தை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு, அத்தையோடு சேர்ந்து கடலைக்காய் உரிக்க ஆரம்பித்தாள். நன்றாக இருக்கிறாயா என்று கேட்க முத்தாயம்மாளுக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் தன்னால் என்ன செய்ய முடியும்?