கடைசிப் பந்தியில் ஒரு நம்பர்

ஆம்புலன்ஸ் வெப்சைட்டின் அதே பக்கம்தான். ஆம்புலன்ஸ்காரம்மாவின் போனில் நம்பர் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. தையல்காரரின் போனில் அது வரவே இல்லையாம்.

"ஏம்மா, நம்பரே போடாம எதுக்கு ஆம்புலன்ஸ் நடத்துறீங்க?" ஆம்புலன்ஸ் ஆபீஸ் வாசலில் நின்றபடியே கேட்டார் தையல்காரர். போன வாரம் அவர் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபோது பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

அவள் தன் போனைத் திறந்து காட்டினாள். பக்கத்தின் அடியில் சிவப்புப் பொத்தான், அதற்குள் நம்பர். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு வண்டி படம் வந்துச்சு. அப்புறம் ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அவ என் மடியில கிடந்தா."

புருஷன் வண்டி ஓட்டுவார், வரும் அழைப்புகளை எடுப்பது அவள் வேலை. வெப்சைட் செய்தவன் கொழுந்தன். கம்ப்யூட்டர் மொழி ஒரு வரி தெரியாவிட்டாலும் பக்கம் செய்து தரும் வெப்சைட் பில்டர்கள் இருக்கின்றன. தயாராக இருக்கும் மாதிரிகளில் ஒன்றை எடுத்து, பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். இருந்தவற்றிலேயே அழகானதாகப் பார்த்து எடுத்திருந்தான் அவன். திறந்தால் வீடியோவில் விளக்கு சுழல வண்டி ஓடி வரும்.

"பதட்டத்துல கவனிச்சிருக்க மாட்டார், அண்ணி," என்றான் உள்ளே இருந்த கொழுந்தன் மெல்ல.

"பதட்டப்படாதவன் எதுக்கு தம்பி ஆம்புலன்ஸ் தேடப்போறான்?"

தையல்காரரின் போனை வாங்கி அங்கேயே திறந்து பார்த்தார்கள். நம்பர் வந்தது. தன்னைப் பொய்யன் என்று தானே நினைக்கத் தொடங்கியவர் போல தையல்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"வாங்க, உங்க வீட்டுல வெச்சுப் பார்ப்போம்," என்றாள்.

அவர் வீடு தெருவை விடத் தாழ்ந்த ஒற்றை அறை. படியிறங்கித்தான் போக வேண்டும். மூலையில் தையல் மிஷின், ஊசிக்கடியில் பாதி தைத்த ரவிக்கை. சிக்னல் ஒரே ஒரு கோடு. அவள் தன் போனில் பக்கத்தைத் திறந்தாள். கண்ணிமைக்கும் முன் நம்பர் வந்து நின்றது.

"இந்தக் குழிக்குள்ள இவ்வளவு வேகமா எப்படி வருது?" என்றாள்.

கொழுந்தனின் முகம் மாறியது. "அண்ணி... இது இப்ப வரல. ஒரு தடவை திறந்த பக்கத்தோட படம், வீடியோ எல்லாத்தையும் போன் தனக்குள்ள எடுத்து வெச்சுக்கும். அடுத்த தடவை அதையே காட்டும். நாம தினம் திறக்கிறோம். அவரு போன்லயும் ஆபீஸ்ல நல்ல சிக்னல்ல திறந்தோமே."

"அப்ப முதல் தடவை திறக்கறவனுக்கு?"

அவன் அவள் போனை வாங்கி, அது சேமித்து வைத்திருந்ததையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி திறந்தான். வண்டி படம் பாதி வந்தது. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இதுதான்," என்றார் தையல்காரர்.

நடந்தது இதுதான். பக்கம் ஒரே மூட்டையாக வருவதில்லை, துண்டு துண்டாக வரும். அந்த பில்டர் முதலில் வீடியோவுக்கு இலை போட்டது, பிறகு எழுத்துருவுக்கு, பிறகு அலங்காரத்துக்கு. பொத்தானை வரைகிற நிரல், இவை எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். நம்பருக்குக் கிடைத்தது கடைசிப் பந்தி. ஒரு கோட்டு சிக்னலில் அந்தப் பந்திக்கு முறை வரவே இல்லை. பேசுவதற்கு அந்த ஒரு கோடு போதும், வீடியோவுக்குத்தான் போதாது. நம்பர் கையில் இருந்திருந்தால் அழைப்பு போயிருக்கும்.

இதை அவள் தையல்காரரிடம் மறைக்கவில்லை. அவர் மிஷின் மேல் கையை ஊன்றி நின்று கேட்டுக்கொண்டார்.

"என் நம்பரை எழுதி வெச்சுக்கங்கண்ணே."

"எனக்கு இனிமே எதுக்கும்மா? மாடிப்படிக்கு அந்தப் பக்க அறையில ஒரு பொண்ணு மாசமா இருக்கு. புருஷன் வெளியூர்ல. அவளுக்குத் தெரியற மாதிரி செய்யுங்க."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். ஆனாலும் பிடித்தார்கள். பழைய பில்டரில் கொழுந்தன் வீடியோவை எடுத்துப் பார்த்தான். பொத்தான் அப்போதும் கடைசியாகவே வந்தது, அதன் வரிசையை மாற்ற வழியில்லை. இலவசமாகக் கிடைத்த இன்னொன்று, தன் விளம்பரத்தை முதலில் காட்டிவிட்டுத்தான் நம்பரை விட்டது. மூன்றாவதில் மாதிரிகளே கிடையாது, வெறும் எழுத்து மட்டும்.

"கரண்ட் கட் நோட்டீஸ் மாதிரி இருக்கு, அண்ணி."

"படிக்க முடியுதுல்ல? அழகு பார்த்தது போதும்."

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மறுபடி படியிறங்கினார்கள். சேமித்ததை அழித்துவிட்டு, தையல்காரரே தன் போனில் திறந்தார். நம்பர் உடனே வந்தது. தொட்டார். அவள் கையிலிருந்த போன் அடித்தது. அவர் துண்டிக்காமல் காதில் வைத்துக்கொண்டே நின்றார். அவள் எடுத்து, "சொல்லுங்கண்ணே," என்றாள்.

புதுப் பக்கத்தில் படமோ வீடியோவோ இல்லை. முதல் வரியில் நம்பர் வெறும் எழுத்தாக இருக்கிறது. தொட்டால் அழைப்பு போகும். அதற்குக் கீழேதான் மற்றதெல்லாம். எதை மாற்றினாலும், சேமித்ததை அழித்த போனோடு சிக்னல் ஒரு கோடாகக் குறையும் இடத்துக்குப் போய்த் திறந்து பார்க்க வேண்டும். அங்கே நம்பர் முதலில் வந்தால் பக்கம் சரி.