பின் சீட்டு மாப்பிள்ளை

என் மாமனார் போய்ச் சேர்ந்தபோது தன் இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு பழைய காரை விட்டுவிட்டுப் போனார். பெண்களுக்கு என்பது பேச்சுக்குத்தான். தலைவலி வந்து சேர்ந்தது மாப்பிள்ளைகள் எங்கள் இரண்டு பேருக்கும். நான் மூத்தவன், மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இளையவன், அதாவது என் சகலை, லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். அவனுக்கு மாமனார் வைத்த பெயர் ஸ்பேனர். எனக்கு அவர் எந்தப் பெயரும் வைக்கவில்லை. கடைசிவரைக்கும் வெறும் மாப்பிள்ளைதான்.

கார் மாமனாரின் அப்பா வாங்கியது. கறுப்பு நிறம், முழித்துப் பார்க்கிற மாதிரி இரண்டு பெரிய விளக்குகள், கட்டில் அகலத்துக்குச் சீட்டுகள். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நின்று நின்று அடித்தகடு துருப்பிடித்து, மிதியடியைத் தூக்கினால் தரை தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏதாவது செய்யுங்கள் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

பழைய வண்டிகளை மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம். அவர் வண்டியைத் தன் பட்டறைக்கு இழுத்துப் போய், அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, இரண்டு வழி இருக்கிறது என்றார். பெயிண்டை முழுக்கச் சுரண்டி, சீட்டு, கூரைத்துணி, கைப்பிடி என்று அத்தனையும் மாற்றி, கடையிலிருந்து இறக்கிய புதுசு மாதிரி ஆக்கலாம். இல்லையென்றால் துருவை மட்டும் நிறுத்தி, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து, மற்றதையெல்லாம் இருக்கிறபடியே விட்டுவிடலாம். சுரண்டிய பிறகு மனசு மாறினால் பழைய பெயிண்ட் திரும்பி வராது, அதனால் குடும்பமாகப் பேசி ஒரே வார்த்தையாகச் சொல்லுங்கள் என்றார்.

ஸ்பேனர் யோசிக்கக்கூட இல்லை. அப்படியே இருக்கட்டும் என்றான். நானும் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றேன். தேதி முடிந்த சரக்கை நான் கடையில் ஒரு நிமிஷம் வைத்திருப்பேனா என்று நியாயம் வேறு பேசினேன். அதெல்லாம் சும்மா. அந்த வண்டியில் எங்கே கை வைத்தாலும் அவன்தான் இருந்தான். என்னால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவன் அடுத்த வீட்டுப் பையன். டவுசர் போட்ட காலத்திலிருந்து அந்த ஷெட்டில் கிடந்து, அப்புறம் என் மச்சினியைக் காதலித்துக் கட்டிக்கொண்டவன். டேஷ்போர்டில் ஆணியால் ஒரு விமானம் கீறியிருக்கும், அது அவன் வேலை. முன் கதவில் கோணலாகப் பற்றவைத்த கைப்பிடி, அதுவும் அவன் வேலை. முன் சீட்டில் அவன் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பள்ளமே விழுந்திருந்தது. மாமனார் ஒன்றையும் சரி செய்யவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் விமானத்தைக் காட்டி, "பாருங்க, இந்தக் கழுதை பண்ண வேலைய" என்பார். அந்தக் கழுதை பக்கத்தில் நின்று இளித்துக்கொண்டிருக்கும். எனக்கு வயிறு பற்றி எரியும்.

நான் உட்கார்ந்தது பின் சீட்டில். அதில் வாங்கியபோது போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட அவர்கள் எடுக்கவில்லை. மூத்த மாப்பிள்ளை வருகிறார் என்றால் துடைத்து, ஜன்னலை இறக்கி, கதவைத் திறந்து பிடிப்பார் மாமனார். உட்கார்ந்ததும் முதுகு வியர்த்து உறையோடு ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை, கடை எப்படிப் போகுது மாப்பிள்ளை, இந்த இரண்டு கேள்வியோடு என் பங்கு தீர்ந்துவிடும். அதற்கப்புறம் முன்னால் இருக்கிற இரண்டு பேரும் கார்புரேட்டர் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள்.

ஒரு நாள் நட்டநடு ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. தள்ள வேண்டும். நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். மாமனார் பதறிப்போய் ஓடிவந்து கதவைச் சாத்தினார். நீங்க உட்காருங்க மாப்பிள்ளை, நீங்க போய் இறங்கலாமா என்றார். வழியில் போன ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, அவர்கள் இரண்டு பேரும் தள்ள, நான் உள்ளே பிடித்துவைத்த பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். சைக்கிளில் போகிறவனெல்லாம் என்னைத்தான் பார்த்துவிட்டுப் போனான். பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். மாமனார் மூச்சு வாங்க எதையோ சொல்ல, அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவரும் சிரித்தார். என்னதான் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பொறாமைதான். இதற்கு வேறு நல்ல வார்த்தை இருந்தால் சொல்லுங்கள், வைத்துக்கொள்கிறேன். மனுஷன் திட்டு வாங்கியதற்கா பொறாமைப்படுவான் என்று கேட்டால், ஆமாம், படுவான். அந்த வீட்டில் என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டியது கிடையாது.

என் மனைவிக்கு இதெல்லாம் தெரியும். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு வண்டி மேல கோவமா, அவன் மேல கோவமா?" நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அதற்கப்புறம் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவளும் வண்டிப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசியில் மெக்கானிக் கறாராகச் சொல்லிவிட்டார், இந்த வாரம் முடிவு தெரியாவிட்டால் வண்டியை வெளியே தள்ளிவிடுவேன், இடம் இல்லை என்று. எல்லோரும் பட்டறைக்குப் போனோம். மச்சினி மட்டும் வேலை இருக்கிறது, எது செய்தாலும் எனக்குச் சம்மதம் என்று ஒதுங்கிக்கொண்டாள். நான்கு கதவும் திறந்தபடி ஜாக்கி மேல் நின்றது கார். மாமியாருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் உட்கார்ந்து அந்த விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மனைவி நின்றாள். உங்கள் வார்த்தைதான் அம்மா, சொல்லுங்கள் என்றார் மெக்கானிக்.

மாமியார் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "பெரிய மாப்பிள்ளை சொல்றபடி செஞ்சுடுங்க" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எத்தனை வருஷத்துக் கணக்கு, ஒரே வரியில் நேராகிவிட்டது என்று நினைத்தேன். ஸ்பேனரின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகத் திரும்பினேன்.

அவன் என் பக்கமே பார்க்கவில்லை. நேராக மாமியாரிடம் போய்க் கத்த ஆரம்பித்தான். உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா அத்தை, மாமா இருந்தா இப்படிச் சொல்வீங்களா என்று குதித்தான். மாமியார் விடுவாரா, வாயை மூடுடா, பெரிசா பேச வந்துட்டான் என்று நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அவன் கண்ணெல்லாம் கலங்கிப்போய், போங்க, உங்களோட பேசவே மாட்டேன் என்றான். போடா, யாருக்கு நஷ்டம் என்றார் அவர். சொல்லிக்கொண்டே அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். துடைக்கத் துடைக்கத் திட்டினார்.

ஜெயித்தவன் நான். என்னோடு சண்டை போட அங்கே ஒரு ஆள் இல்லை.

"சரி, விடுங்க அத்தை. மாத்த வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"சரிங்க மாப்பிள்ளை."

அவ்வளவுதான். இவ்வளவு நாள் நான் பிடித்த பிடிவாதத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

"வேண்டாம், இந்தத் தொல்லையே வேண்டாம். பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

ஸ்பேனர் விறைத்து நின்றான். மாமியார் காரைத் திரும்பிப் பார்த்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொண்டு சொன்னார்.

"உங்க இஷ்டம் மாப்பிள்ளை."

நான் கத்திவிட்டேன். "ஒரு தடவையாவது முடியாதுன்னு சொல்லுங்களேன் அத்தை! அவனைத் திட்டறீங்களே, என்னை ஏன் ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறீங்க? நான் என்ன வழிப்போக்கனா?"

பட்டறையில் தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் நின்றது. மாமியார் பயந்துபோய் நின்றார். நான் பார்த்தேன், அது மரியாதை இல்லை, பயம்தான். சொல்லலாமா கூடாதா என்று தயங்கிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"அவனைத் திட்டினா அவன் என்கிட்டதான் கோவிச்சுப்பான் மாப்பிள்ளை. உங்களை ஒண்ணு சொல்லிட்டா, நீங்க எங்ககிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. வீட்டுக்குப் போய் என் பொண்ணுகிட்டப் பேசாம இருப்பீங்க. அவ சோறு தண்ணி இல்லாம கிடப்பா. அவரும் அதுக்குத்தான் உங்களுக்குக் கதவு திறந்து விட்டாரு."

மெக்கானிக் எதையோ தேடுகிறவர் மாதிரி உள்ளே போய்விட்டார். மரியாதை, மரியாதை என்று நான் முதுகு வேர்க்க உட்கார்ந்திருந்ததெல்லாம் இதற்குத்தானா? ஸ்பேனர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்கும் இது முன்னமே தெரிந்திருக்கிறது. அந்த நேரத்திலும், சத்தியமாகச் சொல்கிறேன், அவனைப் பார்க்க எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவன் கோபித்துக்கொண்டால் இந்த வீட்டில் யாரும் பயப்படுவதில்லை.

"அவன் சொன்ன மாதிரியே செய்யுங்க அத்தை. துருவை மட்டும் எடுக்கட்டும். வேற எதையும் தொட வேண்டாம்" என்றேன்.

"கோவத்துல சொல்லலையே மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை. நிஜமாத்தான் சொல்றேன்."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் என் பேச்சை நம்பவில்லை. மெல்லத் திரும்பி, நான் சொல்வது உண்மைதானா என்று என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.