இருபது நொடி தெளிவாக வேண்டும்

எங்கள் வீட்டில் புதிதாக வாங்கிய எதையும் அப்பா உரிக்க விடமாட்டார். பிரிட்ஜ் கதவில் ஒட்டி வந்த மெல்லிய தாள் ஏழு வருடமாக ஓரம் சுருண்டு அப்படியே இருக்கிறது. ரிமோட்டுக்கு உறை. சோபாவுக்கு உறை, எழுந்தால் அதுவும் தொடையோடு ஒட்டிக்கொண்டு எழும். "நல்லவேளை, உங்க அக்காவை மட்டும் கவர் பிரிச்சுக் குடுத்தாரு" என்று கல்யாணமான புதிதில் அத்தான் சொல்லுவார். இப்போதெல்லாம் அவர் கிண்டல் பேசுவதில்லை.

அக்கா குடும்பம் எங்களோடுதான் இருக்கிறது; அவள் மகளுக்கு மூன்று வயது. வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு மாதமாக, ஆடிக்கொண்டே இருப்பவள் திடீரென்று நின்றுவிடுகிறாள். கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. ஒரு இருபது நொடி. பிறகு விட்ட இடத்திலிருந்து ஆடுகிறாள். "ஏதோ யோசிக்கிறா" என்றாள் அக்கா. டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. இதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம், வரும்போது வீடியோ எடுத்து வாருங்கள் என்றார். யாருடைய போனிலும் கேமரா இல்லாததால், வாண்டு பிறந்தபோது அப்பா வாங்கிய கேமராவில் எடுத்துப் போனோம். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"இதுல ஒரு குழந்தை இருக்குன்னு மட்டும்தான் தெரியுது. கண்ணு எந்தப் பக்கம் போகுது, எந்தக் கை இழுக்குது, அது தெரியணும். அதைப் பாத்தாத்தான் எனக்கு மருந்து முடிவு பண்ண வசதி."

நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருந்தார். அதை விட்டால் ஒரு மாதம் அவர் ஊரில் இல்லை.

இன்று அத்தான் லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து கேமராவோடு மல்லுக்கட்டினார். டிவிக்குப் போகும் ஒயரை மாற்றினார். மாற்றமில்லை. கேமராவுக்குள் ஒவ்வொரு அமைப்பாகத் தேடி, படத்தின் தரம் 'குறைவு' என்று இருந்ததைக் கண்டுபிடித்தார்.

"யாரு இப்படி வெச்சது?"

"நீங்கதான்" என்றாள் அக்கா. "கார்டு சீக்கிரம் ரொம்பிடுதுன்னு."

மாற்றினார். படம் கட்டம் கட்டமாக உடைவது நின்றது. பால் ஊற்றியது போன்ற மங்கல் போகவில்லை. திரைச்சீலையை விலக்கினார், மூடினார், வாண்டுவின் கட்டிலை ஜன்னலுக்கு எதிரே திருப்பினார். சட்டை நுனியால் லென்ஸைத் தேய்த்தார். ஒவ்வொரு தடவையும் என்னை நிற்கவைத்துப் படமெடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நான் ஆவி மாதிரி வந்தேன்.

"அந்த கேமராவே அப்படித்தான் மாப்பிள்ளை" என்றார் அப்பா. "முதல் பொறந்தநாளுக்கு எடுத்ததும் இப்படித்தான். பழைய படம் மாதிரி, பாக்க நல்லாத்தான இருக்கு?"

"டாக்டரு பழைய படம் கேக்கல மாமா."

மணி இரண்டே முக்கால். மூன்று மணிக்கு வாண்டு தூங்கி எழுவாள். எழுந்த கொஞ்ச நேரத்தில்தான் பெரும்பாலும் அது வரும். வரக்கூடாது, வரக்கூடாது என்று கிடந்த வீடு, இன்று வந்து தொலையாதா என்று கடிகாரத்தைப் பார்த்தது. அக்கா சமையலறைக்கும் படுக்கை அறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

அத்தான் பழுதுபார்க்கும் கடைக்குப் போன் போட்டார். "இதைத் துடைச்சு வை" என்று கேமராவை என்னிடம் தந்துவிட்டு, வாசல் பக்கம் போய்ச் சத்தமாகப் பேசினார்.

நான் ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். லென்ஸில் கீறல் விழாமலிருக்கக் கடைக்காரர் அதன் முன்னால் திருகிக் கொடுத்த வட்டக் கண்ணாடி. அதன் ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழி. எங்கள் பிரிட்ஜ் கதவில் இருக்கிறதே, அதே குமிழி. நகத்தை வைத்தேன். ஓரம் பிறைபோல எழும்பியது. இழுத்தேன். மூன்று வருடத் துடைப்பில் தேய்ந்து வெளுத்துப்போன வட்டத் தாள் ஒன்று கையோடு வந்தது.

"ஏய், அதை ஏன் உரிச்ச? கண்ணாடி கீறிடும்!"

அப்பா பின்னால் நின்றிருந்தார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போல. "வாங்கினப்ப அந்தத் தாளு கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு" என்றார் சின்னக் குரலில்.

போனோடு திரும்பிய அத்தான் என் விரலில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். "மாமா" என்றார். அதற்குள் உள்ளே வாண்டு சிணுங்கினாள்.

"நீயே புடி" என்றார் அத்தான். "நான் உங்க அக்காவைப் பாத்துக்கறேன்."

வாண்டு எழுந்து உட்கார்ந்து கரடி பொம்மையை மடியில் போட்டாள். அதன் காதைத் திருகினாள். சித்தி எதற்கு ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள் என்று சிரித்தாள். ஐந்து நிமிடம் போயிருக்கும். சிரிப்பு பாதியில் நின்றது.

அக்கா பாய்ந்தாள். அத்தான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "தொடாத. இரு. கொஞ்சம் இரு." நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். இருபத்திரண்டு. அத்தான் கையை எடுத்ததும் அக்கா குழந்தையை வாரி எடுத்தாள்.

டிவியில் போட்டோம். ஒவ்வொரு இமைமுடியும் தனியாகத் தெரிந்தது. கண்கள் இரண்டும் மெதுவாக அவளுடைய இடதுபுறம் போயின. கரடியின் காதை விட்ட இடது கையில் கட்டைவிரல் மட்டும், ஏதோ பொத்தானை அமுக்குவது போல, துடித்துக்கொண்டே இருந்தது. இதுவரை யாரும் பார்த்திராத விரல்.

"நிறுத்துங்க" என்றாள் அக்கா. குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு, "மறுபடி போடுங்க" என்றாள்.

மூன்று தடவை பார்த்தார்கள். பிறகு அத்தான் கேமராவைத் துண்டில் சுற்றி நாளைக்குப் போகும் பையில் வைத்தார். அக்கா குழந்தையின் இடது கையைத் தன் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

அப்பாதான் எழுந்து அலமாரியில் தேடி, முதல் பிறந்தநாள் சிடியை எடுத்துவந்து போட்டார். நாற்காலியை டிவிக்கு முன் இழுத்துக்கொண்டார். பால் நிறத்துக்குள் கேக், மெழுகுவர்த்தி, யாரோ கைதட்டுவது, நடுவில் ஒரு குழந்தை. ஒரு இடத்தில் அது அசையாமல் இருப்பது போலிருந்தது. நிறுத்திப் பின்னால் ஓட்டினார்.

"இங்க பாரு. அப்பவே இந்த விரல் ஆடுதா?"

கிட்டே போய்ப் பார்த்தேன். கை என்று ஒரு வெளுப்பு. விரலே இல்லை.

"தெரியலப்பா."

"சரியாப் பாரு" என்று மறுபடி பின்னால் ஓட்டினார்.