ஒரு மணி ஐம்பது நிமிடம்

இந்த ஊருக்கும் பிறந்த ஊருக்கும் ஆகாயத்தில் எவ்வளவு தூரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் டிக்கெட் அக்கா சொல்லிவிடுவாள்: எண்ணூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், ஒரு மணி ஐம்பது நிமிடம். பன்னிரண்டு வருடமாக டிராவல்ஸ் ஆபீசில் அதே நாற்காலி, அதே திரை.

அன்று காலை எட்டரைக்கு ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

"அப்பாவுக்கு சீரியஸா இருக்கு. கெளம்பி வா."

"அவர்கிட்ட ஃபோனைக் குடு."

"பேச முடியாதும்மா. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருக்கு. கண்ணைத் தெறந்தா உன்னைத்தான் தேடுறாரு."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா போய்விட்டார். வேறென்ன? இவர்கள் வீட்டில் என்றைக்கு யார் செத்ததை ஃபோனில் சொல்லியிருக்கிறார்கள்? சித்தப்பாவுக்கும் 'சீரியஸ்'தான். அம்மாவுக்கும் இதே அண்ணன், இதே 'பேச முடியாது'. வழியெல்லாம் வேண்டாத தெய்வமில்லை. போய் இறங்கினால் வாசலில் வாடகை நாற்காலி! பிள்ளை வழியில் பதறக் கூடாதாம். நல்ல நியாயம் போங்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். பதினொரு மணிக்குக் கிளம்பும் நேர் விமானத்தில் ஒரே ஒரு இடம். தன் பெயரை அடிக்கப் போகையில் எதிரே ஒரு லாரி டிரைவர் வந்து அதே ஊருக்கு டிக்கெட் கேட்டு நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"மேடம், என் பொண்ணு அந்த ஊர்ல ஐசியூவுல கெடக்கறா. பிரசவத்துல என்னமோ ஆயிடுச்சாம். உசுரோட பாத்துடணும் மேடம், கால்ல வேணா விழறேன்."

'உசுரோட' என்ற அந்த வார்த்தை அவளை அசைத்துவிட்டது. அப்பா இனி எங்கே ஓடிவிடப் போகிறார்? காத்திருக்கச் சொன்னால் பிணம் மாட்டேன் என்றா சொல்லும்? உயிருள்ள முகத்தை இந்த மனிதராவது பார்க்கட்டும். அவர் பெயரை அடித்தாள். தனக்கு இடையில் இறங்கி மாறும் விமானம், மொத்தம் ஏழு மணி நேரம். அவர் கும்பிட்டபோது அந்தத் துக்கத்திலும் அவளுக்கு மனசு நிறைந்தது.

வந்து சேரும் நேரத்தை ஃபோனில் சொன்னதும் அண்ணன் கத்தினான். "பைத்தியமாடி உனக்கு? நேர் ஃப்ளைட் இல்லையா?"

"போதும்ணா நடிச்சது. எனக்குத் தெரியும். ஆக வேண்டியதைப் பாரு, வந்துடறேன்."

அதன்பின் அவன் ஒன்பது முறை அழைத்தான். அவள் எடுக்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு இறங்கி நேராக வீட்டுக்குப் போனாள். வாசலில் நாற்காலி இல்லை, கூட்டம் இல்லை. கதவில் பூட்டு. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "எல்லாரும் ஆஸ்பத்திரியிலதானே இருக்காங்க?" என்றாள்.

எந்த ஆஸ்பத்திரி என்று அவளிடம் கேட்டுக்கொண்டாள். ஆட்டோவில் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வார்டு வாசல் பெஞ்சில் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்பா போய்ப் பத்து நிமிஷம் ஆச்சுடி. மத்தியானம் மாஸ்க்கைக் கழட்டிட்டாங்க. நல்லாத்தான் பேசினாரு. உன்கிட்ட பேசணும்னாரு. அடிச்சு அடிச்சுப் பாத்தேன், ஏன் எடுக்கல?"

"நீ பொய் சொல்றேன்னு நெனச்சேண்ணா."

அவன் அவளையே பார்த்தான். "அம்மா விஷயத்துல சொன்னது பொய்தான். அன்னிக்கு நீ துடிச்ச துடிப்பைப் பாத்துட்டு, இனி உன்கிட்ட பொய்யே சொல்றதில்லைன்னு இருந்தேன்டி."

அவள் உள்ளே ஓடி அப்பாவின் கையைப் பிடித்தாள். சூடு இன்னும் ஆறவில்லை.