கேட்கும் முன்னே சொன்ன சரி

கட்டிய கணவனை நம்பித்தான் மருமகள் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரோடு நீருக்குள் மூழ்கும் வித்தை, சொல்லிக்கொடுக்கும் உரிமம் வேண்டுமென்றால், முதுகில் சிலிண்டரே மாட்டிப் பார்த்திராத ஒருவரைக் கூட்டிவந்து, தேர்வாளரின் கண்ணெதிரே பயிற்சிக் குளத்தின் அடிவரை பத்திரமாக இறக்கி ஏற்றிக் காட்ட வேண்டும். அந்த ஒருவர் கணவன்தான் என்று முடிவாகியிருந்தது. அவனோ நேரம் பார்த்து மூக்கை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டான். மூக்கு அடைத்தால் காதுக்குள் காற்று போகிற வழியும் அடைத்துக்கொள்ளும். சளி பிடித்தவனைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. இந்தத் தேர்வு போனால் அடுத்தது அடுத்த வருடம்தான். பயிற்சி நிலையத்தில் அவளுக்காக வைத்திருக்கும் வேலை அதுவரை காத்திருக்காது. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லையே என்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே மாமியார் கேட்டார்.

"ஏன், நான் ஆளா தெரியலையா?"

தையல்கடை நடத்துகிறவர். தினமும் காலையில் நீச்சல் குளத்தில் நாலு சுற்று நீந்திவிட்டுத்தான் கடையைத் திறப்பார். டாக்டரும் நெஞ்சு, காது எல்லாம் பார்த்துவிட்டுத் தாராளமாக இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பக்கத்துக் கடைக்காரரின் முதுகுவலி, மகனின் சளி, வாடிக்கையாளரின் தொப்பை என்று ஊர் உடம்பையெல்லாம் வாய் ஓயாமல் பேசுவார். தன் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான், "ஒண்ணுமில்ல." விரலில் ஊசி ஏறி ரத்தம் வந்தாலும், யாராவது திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த வார்த்தை வந்துவிடும். அவருக்கு வலியே கிடையாது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அப்படி நம்புவது எல்லோருக்கும் வசதியாகவும் இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் பாடம் நடந்தது. கீழே இறங்க இறங்கத் தண்ணீர் காதுச் சவ்வை உள்ளே அமுக்கும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதி, உள்ளேயிருந்தும் கொஞ்சம் காற்று கொடுத்துச் சமன் செய்யவேண்டும். எச்சில் விழுங்கினாலும் சிலருக்குத் திறந்துகொள்ளும். முக்கியமானது, வலி வருவதற்கு முன்பே செய்யவேண்டும். வலித்த பிறகு முக்கி முக்கி ஊதினால் சவ்வு கிழிந்துவிடும். வலித்தால் சைகை காட்டிவிட்டுக் கொஞ்சம் மேலே வரவேண்டியதுதான்.

"புரியுது. தைக்கிறதுக்கு முன்னாடியே துணியை நனைச்சு எடுக்கிறோமே, அது மாதிரி. தைச்சப்புறம் சுருங்கினா அழுதாலும் வராது" என்றார் மாமியார். மருமகளுக்கு மெய்சிலிர்த்தது. இவரைவிட நல்ல மாணவி கிடைக்கமாட்டார் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

தேர்வாளருக்குப் பயிற்சியாளர்கள் வைத்த பட்டப்பெயர் சுறா. மனிதர் சிரித்ததைப் பார்த்தவர்கள் இல்லை. குளத்தங்கரையில் அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மருமகள் பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். பயம் இல்லை. இந்த வேலை தனக்குக் கைவந்த கலை என்று அவளுக்கே தெரியும். போன தடவை தேர்வில் தவறியவர்களின் கதைகளை யாரோ சொல்ல, அதை மாமியார்தான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் போலும். அது மருமகளுக்குத் தெரியாது.

குளத்தின் நடுவில் மேலிருந்து அடிவரை கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் கீழாக இறங்கினார்கள். எதிரெதிரே இருவர், சற்றுத் தள்ளிச் சுறா. மருமகள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினாள். சரியா என்று கேள்வி. மாமியாரும் வளையம் காட்டினார். சரி என்று பதில். கொஞ்சம் இறங்கி மறுபடி கேள்வி, மறுபடி பதில். மாமியார் மூக்கைப் பிடித்து அழகாக ஊதினார். மருமகளுக்குப் பெருமை பிடிபடவில்லை. சுறா பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

இன்னும் கொஞ்சம் இறங்கினார்கள். மருமகள் கையைத் தூக்கப் போனாள். தூக்கவில்லை. அதற்குள் எதிரே வளையம் வந்து நின்றது.

கண்ணாடிக்குள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மூச்சுக் குமிழிகள் சீராகத்தான் போயின. கேள்வியே வராமல் பதில் மட்டும் வந்திருந்தது. அந்த வளையத்தை அவள் வருடக்கணக்காகக் காதால் கேட்டிருக்கிறாள். அது "சரி" இல்லை. அது "ஒண்ணுமில்ல."

அவள் உள்ளங்கையை விரித்து நிறுத்தினாள். தன் காதைத் தொட்டுக் காட்டினாள். மாமியார் இன்னும் அழுத்தமாக வளையம் காட்டினார். கீழே போகலாம் என்று கட்டைவிரலைக் கவிழ்த்தும் காட்டினார். இறங்கிவிட்டால் தேர்வு முடிந்தது. அடிமட்டம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. சுறாவும் சும்மாதான் இருந்தார். மருமகள் யோசிக்கவில்லை. மாமியாரின் கையைப் பிடித்து, கட்டைவிரலை மேலே காட்டி, நிதானமாகத் தண்ணீருக்கு மேலே கூட்டிவந்துவிட்டாள்.

"எந்தக் காது அத்தை?"

"ஒண்ணுமில்ல, நீ பாட்டுக்கு…"

"எந்தக் காது?"

இந்தக் குரலில் மருமகள் அவரிடம் பேசியதே இல்லை. மாமியார் இடது காதைத் தொட்டார். வீட்டு ஆளே பாதியில் ஏறிவிட்டால் பரீட்சை போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டார். பொறுத்தார் பூமியாள்வார் என்று சொல்லியிருக்கிறார்களே என்று வேறு சமாதானம்.

"பூமியைத்தான் அத்தை ஆள்வாங்க. தண்ணியை இல்ல. இங்க பொறுத்தா காதுதான் போகும்."

சுறா முகமூடியைக் கழற்றினார். தன் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது, எதை வைத்து மேலே வந்தாய் என்று கேட்டார். நான் கேட்பதற்கு முன்னாலேயே அத்தை சரி என்றார்கள், அதனால்தான் என்றாள் மருமகள்.

"உன் மாமியார், அதனால தெரிஞ்சுது. நாளைக்கு முன்பின் தெரியாத ஆள் வந்தா?"

"யார் வந்தாலும் இனிமே அதைத்தான் சார் முதல்ல பார்ப்பேன். அவசரமா சரின்னு சொல்றவங்களுக்குத்தான் ஏதோ சரியில்ல."

காது தெளிந்தால் மறுபடி இறங்கலாம், அவசரமில்லை என்றார் சுறா. கொஞ்ச நேரத்தில் வலி சுத்தமாகப் போய்விட்டது. மாமியார் மெதுவாக ஊதிப் பார்த்தபோது இரண்டு காதும் 'டப்'பென்று திறந்தன. இப்போது அவர் வேறு ஆள். கயிற்றில் ஒரு முழம் இறங்குவார், உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காதைக் காட்டுவார், அரை முழம் ஏறுவார், ஊதுவார், பிறகுதான் வளையம். அதுவும் கேட்டால்தான். சுறா பொறுமையாக மிதந்து மிதந்து ஓய்ந்துபோனார். அடிமட்டத்தில் கால் பதிந்ததும் மாமியார், தைத்த சட்டையை வாடிக்கையாளரிடம் நீட்டுகிற தோரணையில் இரண்டு கையாலும் வளையம் காட்டினார்.

கரையேறியதும் சுறா மருமகளின் கையைப் பிடித்துக் குலுக்கி, வேலைக்கு எப்போது சேர்கிறாய் என்று மட்டும் கேட்டார். அவள் உச்சி குளிர்ந்துபோனாள். கணவனுக்குப் போன் செய்தாள். அவன் மகிழ்ச்சியைத் தும்மலாகத் தெரிவித்தான்.

உடை மாற்றும் அறையில் மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார். மருமகள் ஈர உடைகளைப் பையில் திணித்தபடி, அடுத்த மாதம் முதல் தினமும் வேலை, காலையில் சமையலை யார் பார்ப்பது என்று சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். நான்தான் பார்க்கிறேனே என்று எப்போதும் வரும் பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். துண்டு மாமியாரின் மடியில் கிடந்தது.

"எனக்கு முட்டி வலிக்குதும்மா" என்றார் மாமியார். "மிஷினை மிதிச்சு மிதிச்சு, ரொம்ப நாளாவே. மாடிப்படி ஏறவே முடியல."

மருமகள் பையைக் கீழே வைத்தாள். ஈரத் தரையிலேயே அவர் முன்னால் உட்கார்ந்து, எந்த முட்டி என்று கேட்டாள்.

"ரெண்டும்."