தொடக் கூடாத கம்பியூட்டர்

யூஜினா டீச்சர் ஜனவரியிலிருந்தே கோபமாகத்தான் இருந்தாள். யார்தான் இருக்க மாட்டார்கள்? நோட்டன் பிரிட்ஜ் ஊருக்கு மேலே மலையில் இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பத்து கம்பியூட்டர்கள் இருந்தன. பத்தும் பொலித்தீன் உறை போர்த்திக்கொண்டு பூட்டிய அறைக்குள் கிடந்தன. சாவி பாடசாலை அதிபர் செல்லசாமியின் காற்சட்டைப் பைக்குள் கிடந்தது.

ஆறாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். கம்பியூட்டர் பாடம் வந்தால் யூஜினா கரும்பலகையில் கீபோர்டு வரைவாள். பிள்ளைகள் பிஸ்கட் பெட்டி மட்டையில் அதைப் பார்த்து வரைந்து, மட்டை மேலேயே விரலை ஓட்டிப் பழகுவார்கள். தரையில் படுக்க வைத்து நீச்சல் பழக்குவதும் இதுவும் ஒன்றுதானே என்று அவளுக்கு வயிறு எரியும். சாவி கேட்டுப் போனால் அதிபர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"லயத்துப் புள்ளைங்க டீச்சர். கையெல்லாம் சேறும் எண்ணெயுமா வருதுங்க. ஒடச்சிட்டா வலயக் கல்விக் கந்தோருக்கு நானில்ல பதில் சொல்லணும்?"

அவரும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற ஒரு லயத்துக் காம்பிராவில் பிறந்து வளர்ந்தவர்தான். அதைத்தான் யூஜினாவால் தாங்க முடியவில்லை.

வருஷத்தில் ஒரே ஒரு நாள், சரஸ்வதி பூசை நடக்கிற வாணி விழாவன்று, அந்தக் கதவு திறக்கும். அதிபர் உறைகளைக் கழற்றி, தம் கையாலேயே ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். பிள்ளைகள் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் பழையபடி பூட்டு தொங்கும்.

நவம்பரில் வலயக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. ஆறாம் வகுப்புக்குச் செய்முறைப் பரீட்சை வைத்தே ஆக வேண்டுமாம். வேறு வழியில்லாமல் அதிபர் கதவைத் திறந்துவிட்டு, காவலுக்கு நிற்பவர்போலப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மட்டையில் எல்லாரையும்விட வேகமாகப் பழகியவள் பிரியந்தி. யூஜினா அவளைத்தான் முதலில் கூப்பிட்டாள். பிள்ளை கையைக் கவுனில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு, டீச்சர் காட்டிய பொத்தானை அமுக்கினாள். திரை வெளிச்சமானது. "ஐ!" என்று வகுப்பே கத்தியது. கத்தி முடிப்பதற்குள் திரை அணைந்துவிட்டது. மறுபடி அமுக்கிப் பார்த்தும் வரவில்லை.

"பாத்தீங்களா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" அதிபர் குதித்தார். "ஒரே அமுக்குல ஒடச்சிட்டா பாருங்க! இவ அம்மாவக் கூட்டியாங்க. இனி இவ இந்த ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது. பரீட்சைக்கு சைபர் போடுங்க."

"அமுக்கச் சொன்னது நான்தான் சேர்..."

"நீங்க சும்மா இருங்க டீச்சர்."

பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பிரியந்தியின் அம்மா சர்மிளா, இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. வந்த வேகத்தில் மகள் முதுகில் நாலு சாத்து சாத்தினாள்.

"கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி நீ?" பிறகு அதிபரைப் பார்த்துக் கும்பிட்டாள். "மன்னிச்சிருங்க சேர். இனிமே தொடவே மாட்டா."

பெரிய மனசு பண்ணுகிறவர்போல அதிபர் தலையை ஆட்டினார். யூஜினாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னதைச் செய்த பிள்ளைக்கு அடி. பத்து மாசமாகப் பூட்டி வைத்தவருக்குக் கும்பிடு. என்ன அநியாயம் இது! அவள் கம்பியூட்டருக்கு முன்னால் குந்தினாள். அமுக்கிய பொத்தான் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சந்தனம்.

அவள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. பூசைச் சந்தனத்தைக் குறை சொன்னால் தோட்டத்தில் என்ன பேச்சுக் கிளம்பும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தாள். பிரியந்தி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அழக்கூடப் பயந்து நின்றாள். ஆனது ஆகட்டும் என்று யூஜினா சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, பொத்தான் இடுக்கைச் சுற்றி நோண்டினாள். பொத்தான் வெளியே வந்தது. அமுக்கினாள். திரை வெளிச்சமாகி, அப்படியே நின்றது.

"புள்ள ஒடைக்கல சேர். வாணி விழாவுக்கு நீங்க வச்ச சந்தனம் இடுக்குல போய்க் காஞ்சிருக்கு. பொத்தான் மாட்டிக்கிச்சுன்னா கம்பியூட்டர் தானா அணைஞ்சிரும்."

அதிபர் முகம் கறுத்தது. "சாமி காரியத்தக் குத்தம் சொல்றீங்களா? நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு என்ன தெரியும்?"

சர்மிளா கும்பிட்ட கையை இறக்கினாள். டீச்சர் கையிலிருந்த சந்தனத் தூளை வாங்கி விரலால் தேய்த்து, மோந்து பார்த்தாள்.

"எம்புள்ள ஒடச்சான்னு சாமியா சேர் சொன்னிச்சு? நீங்கல்ல சொன்னீங்க." அவள் அந்த விரலை அவர் முன்னால் நீட்டினாள். "நீங்க வச்ச சந்தனத்துக்கு நான் எம்புள்ளைய அடிச்சிருக்கேன். இத்தன புள்ளைங்க முன்னால அடிச்சிருக்கேன்."

"சரி சரி, நடந்தது நடந்துபோச்சு. ரூமப் பூட்டுங்க டீச்சர், நாளைக்குப் பாப்பம்."

"பூட்ட முடியாது சேர். பரீட்ச நடக்குது. பிரியந்தி, வந்து உக்காரும்மா."

பிரியந்தி தலையை ஆட்டினாள். "வேணாம் டீச்சர். நான் தொட மாட்டேன்." மற்ற முப்பத்தொரு பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"பாருங்க சேர்," என்றாள் யூஜினா. "பத்து மாசமா இந்த ஒரு பாடத்தத்தான் நீங்க ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

அதிபர் வாயைத் திறப்பதற்குள் சர்மிளா மகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். கதிரையில் உட்கார வைத்தாள். கொழுந்துக் கறை ஏறிய தன் கையால் அந்தச் சின்னக் கையைக் கொண்டுபோய்க் கீபோர்டின் மேல் வைத்து அமுக்கினாள்.

"தொடுடி. எவன் வந்து கேக்குறான்னு நான் பாக்குறேன்."

சொல்லிவிட்டு, படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதவுக்கும் அதிபருக்கும் நடுவில் போய் நின்றாள்.